குளிர்கால இன்ஜின் ஹீட்டர்கள்: எது வேலைக்கு ஆகும், எது பெயருக்கு மட்டும்

இன்ஜின் ஹீட்டர் என்ற பெயரில் விற்பவை ஏழெட்டு வகை இருக்கும். எல்லா அட்டைப்பெட்டியிலும் கடுங்குளிரில் உடனே ஸ்டார்ட் ஆகும் என்றுதான் போட்டிருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் ஒன்று இன்ஜினுக்குள் ஓடும் குளிர்த்திரவமான கூலன்டைச் சூடாக்குகிறது, ஒன்று ஆயிலை, ஒன்று பேட்டரியை. ஒன்றிரண்டு எதையுமே உருப்படியாகச் சூடாக்குவதில்லை. எந்த வண்டிக்கு எது பொருந்தும், எங்கே கெட்டுப்போகும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இரவில் வண்டி நிற்கும் இடத்தில் பிளக் பாயின்ட் இருந்தால், சிலிண்டர்கள் இருக்கும் உலோகக் கட்டையான இன்ஜின் பிளாக்குக்குள் இறங்கும் 400 வாட் ஹீட்டரும் ஒரு நல்ல டைமரும் போதும். பிளக் பாயின்ட் இல்லாதவர்கள் வண்டியின் எரிபொருளையே எரித்துச் சூடாக்கும் ஹீட்டருக்குப் போக வேண்டும். அது விலை கூடிய, பராமரிப்பு கேட்கும் கருவி. தூரத்திலிருந்தே வண்டியை ஸ்டார்ட் செய்யும் ரிமோட் ஸ்டார்ட்டரை மட்டும் மாட்டிவிட்டு இன்ஜினைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைப்பதில் அர்த்தமில்லை. அது ஓட்டுபவருக்கான வசதி, இன்ஜினுக்கு அதில் லாபம் இல்லை.

ஸ்டார்ட் ஆகாததற்கு மூன்று காரணங்கள்

முதல் காரணம் ஆயில். ஆயிலின் கெட்டித்தன்மையை வகைப்படுத்தும் எஸ்.ஏ.இ. ஜே300 தரத்தில் "டபிள்யூ"வுக்கு முன்னால் வரும் எண் குளிர்கால நடத்தையைக் குறிக்கிறது. ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுழற்ற முடியுமா என்ற சோதனையை 10டபிள்யூ ஆயில் மைனஸ் 25 டிகிரியிலும், 5டபிள்யூ மைனஸ் 30இலும், 0டபிள்யூ மைனஸ் 35இலும் தாண்ட வேண்டும். பம்ப் அந்த ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்ப முடியுமா என்ற சோதனை இதைவிட 5 டிகிரி கீழே நடக்கிறது. ஆகவே 10டபிள்யூ-40 ஊற்றிய வண்டியை மைனஸ் 28இல் ஸ்டார்ட் செய்ய முயன்றால் ஸ்டார்ட்டர் முனகுவதற்குப் பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. தயாரிப்பாளர் கையேடு அனுமதிக்கும் பட்சத்தில் 0டபிள்யூவுக்கு மாறுவதுதான் இந்தப் பட்டியலிலேயே மலிவான "ஹீட்டர்".

இரண்டாவது பேட்டரி. மைனஸ் 18 டிகிரியில் ஈய அமில பேட்டரியால் தன் முழுத் திறனில் ஏறக்குறைய பாதியைத்தான் தர முடியும். அதே நேரத்தில் கெட்டியான ஆயிலால் ஸ்டார்ட்டர் கேட்கும் கரண்டோ கூடிக்கொண்டே போகும். பேட்டரி மேல் எழுதியிருக்கும் சி.சி.ஏ. எண் இதைத்தான் அளக்கிறது: மைனஸ் 18இல், 30 விநாடிக்கு, வோல்ட்டேஜ் 7.2க்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் தரும் என்ற கணக்கு. முழுச் சார்ஜில் உள்ள பேட்டரி மைனஸ் 50 டிகிரியைத் தாண்டினாலும் உறையாது. முழுக்க இறங்கிய பேட்டரியோ மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்து உறை வெடித்துவிடும். உறைந்த பேட்டரிக்கு ஜம்ப் கேபிள் போடுவது ஆபத்து. பக்கங்கள் உப்பியிருந்தால் தொடவே வேண்டாம்.

மூன்றாவது எரிபொருள். குளிர்ந்த இன்டேக்கில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. டீசலில் மெழுகு திரிந்து ஃபில்டரை அடைக்கும். இதற்கு எந்த பிளாக் ஹீட்டரும் மருந்தில்லை. குளிர்கால டீசல் போட்டிருக்க வேண்டும். திரிந்தபின் ஊற்றும் சேர்க்கைத் திரவங்களால் பெரிதாக ஒன்றும் ஆகாது, திரிவதற்கு முன்னால் டேங்கில் கலந்தால்தான் பலன்.

ஓடவிட்டுச் சூடாக்குவது ஏன் மோசமான வழி

குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோலின் ஒரு பகுதிதான் ஆவியாகிறது என்பதால் கட்டுப்பாட்டுக் கணினி அளவுக்கு மேல் பெட்ரோலைத் தெளிக்கிறது. ஆவியாகாத பகுதி சிலிண்டர் சுவரில் படிந்து அங்கிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் ரிங் வழியாக, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்குள் இறங்குகிறது. எரிப்பில் உண்டாகும் நீராவியும் கூடவே போகிறது. ஆயில் 80 டிகிரிக்கு மேல் சூடாகி அரைமணி நேரம் ஓடினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, பின் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் வண்டியில் அது நடப்பதே இல்லை. ஆயில் மூடியைத் திறந்தால் மோர் நிறத்தில் பிசின் ஒட்டியிருப்பது இதனால்தான். எல்லோரும் உடனே ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பயப்படுவார்கள். கூலன்ட் அளவு குறையவில்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருக்கிறது என்றால் அது வெறும் ஈரம்.

அந்த ஈரம் செய்யும் பெரிய சேதம் வேறிடத்தில். வால்வ் மூடியிலிருந்து இன்டேக்குக்குப் போகும் பி.சி.வி. குழாயில் அது பனிக்கட்டியாக உறைந்துவிட்டால் இன்ஜினின் அடிக்கூடான கிரான்க்கேஸில் சேரும் அழுத்தம் வெளியேற வழியில்லை. டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பி நிற்கும். அதுவும் முடியாதபோது கிரான்க் ஆயில் சீல் பிதுங்கி ஆயில் மொத்தமும் கொட்டும். குறுந்தூரம் மட்டுமே ஓடும் சிறு கார்களில் கடுங்குளிரில் வரும் இந்தக் கோளாறை, சீல் மாற்றுவதோடு முடித்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்புகள் பல. குழாயைப் பார்க்காவிட்டால் புது சீலும் அதே கதிதான்.

நேரடி ஊசித் தெளிப்பு டீசலை நிறுத்திய இடத்தில் ஓடவிடுவதில் இன்னும் பலன் குறைவு. சுமையில்லாதபோது அது எரிக்கும் டீசல் மிகக் கொஞ்சம், அதனால் வெப்பமும் கொஞ்சம்தான். உள்ளே ஹீட்டர் காற்றைத் திறந்துவிட்டால் ஏறிய சூடும் இறங்கும்.

பேட்டரிக் கணக்கிலும் நஷ்டம்தான். குளிர்ந்த பேட்டரி சார்ஜை மெதுவாகத்தான் ஏற்கும். ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் தருவதை ப்ளோயர், பின்கண்ணாடி சூடேற்றி, சீட் ஹீட்டர் மூன்றும் தின்றுவிடும். தினமும் இப்படி நடந்தால் ஒரு வாரத்தில் "நேற்று நன்றாகத்தானே இருந்தது" என்ற நிலை வந்துவிடும்.

அமெரிக்க எரிசக்தித் துறையின் பரிந்துரை இதுதான்: ஸ்டார்ட் செய்து சுமார் 30 விநாடி கழித்து மெதுவாக ஓட்டத் தொடங்குங்கள். சுமையோடு ஓடும் இன்ஜின் நின்று ஓடுவதைவிட வேகமாகச் சூடாகும். மைனஸ் 7 டிகிரியில் பெட்ரோல் காரின் நகர மைலேஜ் 25 டிகிரியில் கிடைப்பதைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறையும், ஐந்தாறு கிலோமீட்டர் பயணம் மட்டும் என்றால் 24 சதவீதம் வரை குறையலாம் என்பதும் அவர்கள் கணக்கு. ஆக, சூடேற்ற வேண்டிய நேரம் சாவியைத் திருப்புவதற்கு முன்னால்தான். ஹீட்டர்களுக்கு வேலை வருவதும் அங்கேதான்.

பிளாக்குக்குள் இறங்கும் ஹீட்டர்

இந்த வகையைத்தான் முதலில் பரிசீலிக்க வேண்டும். இதன் மூத்த வடிவம் அமெரிக்காவின் வட டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949இல் காப்புரிமை பெற்ற ஹெட் போல்ட் ஹீட்டர். சிலிண்டர் ஹெட்டின் ஒரு போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தில் சூடாகும் போல்ட்டை மாட்டும் யோசனை அது. இன்று அந்த இடத்தை, பிளாக்கின் பக்கவாட்டில் ஃப்ரீஸ் பிளக் என்ற உலோக மூடி அடைத்திருக்கும் துளைக்குள் உட்காரும் எலிமென்ட் பிடித்துக்கொண்டது. கூலன்டில் நேரடியாக மூழ்கியிருப்பதால் செலவாகும் மின்சாரம் முழுவதும் கூலன்டுக்கும் அதன் வழியே பிளாக்குக்கும் போகிறது.

நான்கு சிலிண்டர் காருக்கு 400 வாட் போதும். ஆறு, எட்டு சிலிண்டருக்கு 600 முதல் 1000 வாட் வரை. வாட்டைக் கூட்டினால் வேகமாகச் சூடாகும் என்று பெரிதாக வாங்கத் தோன்றும். ஆனால் எலிமென்ட் அந்தந்த இன்ஜினின் துளைக்கும் உள்ளே இருக்கும் இடத்துக்கும் ஏற்றபடி வளைத்துச் செய்யப்பட்டது. வேறு இன்ஜினுடையது நுழைந்தாலும் சிலிண்டர் சுவரில் முட்டிக்கொண்டு அந்த இடத்தில் கருகும். பார்ட் நம்பர் உங்கள் இன்ஜின் கோடுக்குப் பொருந்த வேண்டும், மாடல் பெயருக்கு அல்ல. ஒரே மாடலில் இரண்டு மூன்று இன்ஜின்கள் வருவது சகஜம்.

மாட்டும் முறை கடினமல்ல, அழுக்கான வேலை. இன்ஜின் முழுக்க ஆறிய பின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்டை வடிக்க வேண்டும். பிளாக்கில் வடிகால் போல்ட் இருந்தால் அதையும் திறக்க வேண்டும், இல்லையென்றால் ஃப்ரீஸ் பிளக்கை எடுக்கும்போது மீதி முழுவதும் முகத்தில்தான். பிளக்கின் ஒரு ஓரத்தை மழுங்கிய உளியால் தட்டினால் அது குறுக்காகத் திரும்பும், இடுக்கியால் இழுத்துவிடலாம். நடுவில் குத்தி உள்ளே தள்ளிவிட்டால் அது பிளாக்குக்குள் விழுந்து கூலன்ட் பாதையில் நின்றுவிடும். துளையின் உட்புறத்தை மெல்லிய எமரித்தாளால் துரு போகும்வரை தேய்க்க வேண்டும். கொர கொரப்பு மிச்சமிருந்தால் ஓ-ரிங் அறுபடும். ஓ-ரிங்கில் கூலன்ட் தடவி, ஹீட்டரை அதன் குறி சொல்லும் திசையில் உள்ளே விட்டு, எலிமென்ட் எதையும் தொடாமல் இருக்கிறதா என்று லேசாக அசைத்துப் பார்த்தபின் நடுத்திருகை இறுக்க வேண்டும். கூடவே வரும் தாளில் உள்ள டார்க் அளவு மிகச் சிறியது. கைப்பலத்தைக் காட்டினால் கிளாம்ப் வளைந்து கசிவு தொடங்கும்.

அடுத்ததுதான் பலர் ஹீட்டரைக் கொல்லும் இடம். கூலன்ட் ஊற்றியதும் சந்தோஷத்தில் பிளக்கைச் செருகிப் பார்ப்பார்கள். எலிமென்ட்டைச் சுற்றிக் காற்றுக்குமிழ் இருந்தால் சில விநாடிகளில் அது எரிந்துபோகும். முதலில் இன்ஜினை ஓட்டி, கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறந்து, காற்று முழுக்க வெளியேறி, ஆறியபின் அளவு பார்த்து, கசிவு இல்லை என்று உறுதியானபின்தான் மின்சாரம். புது ஹீட்டர் முதல் நாளே இறந்துவிட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொடுப்பவற்றில் இப்படி எரிந்தவையும் உண்டு.

கூலன்டும் சரியான கலவையில் இருக்க வேண்டும். எத்திலீன் கிளைகோலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி என்றால் மைனஸ் 37 வரை தாங்கும். 60க்கு 40 என்றால் மைனஸ் 50ஐத் தாண்டும். அதற்கு மேல் கிளைகோலைக் கூட்டினால் நல்லது என்பது தவறு. சுத்தமான கிளைகோல் மைனஸ் 13ஐ ஒட்டியே உறையும், வெப்பத்தையும் குறைவாகத்தான் கடத்தும்.

பிளாக்கைத் திறக்காமல் மாட்டும் தொடு ஹீட்டர்களும் உண்டு. நார்வேயின் டெஃபா நிறுவனத்தில் இந்த வகை பல இன்ஜின்களுக்குக் கிடைக்கிறது. இன்ஜினின் வெளிச்சுவரில் வார்ப்பில் உள்ள பள்ளத்திலோ சம்ப்பிலோ பிடித்துக்கொள்ளும். கூலன்டை வடிக்க வேண்டாம், கசிவு பயமில்லை. தொடும் முகப்பில் வெப்பம் கடத்தும் பசை பூசாமல் மாட்டினாலோ, போல்ட் தளர்ந்து மயிரிழை இடைவெளி விழுந்தாலோ அது காற்றைத்தான் சூடாக்கும். மூழ்கும் வகையோடு ஒப்பிட்டால் பலன் ஒரு படி குறைவு. பிளாக்கின் ஃப்ரீஸ் பிளக்கை எட்டவே முடியாதபடி அடைசலான இன்றைய இன்ஜின்களில் இதைத் தவிர வேறு வழியில்லாமலும் போகலாம்.

டெஃபாவும் ஸ்வீடனின் காலிக்ஸும் தரும் முழுத் தொகுப்பு தனியாகச் சொல்ல வேண்டியது. இன்ஜின் ஹீட்டர், உள்ளறையில் வைக்கும் சிறு மின்விசிறி ஹீட்டர், பேட்டரி சார்ஜர் மூன்றும் ஒரே வெளி இணைப்பில் ஓடும். கண்ணாடியில் பனியைச் சுரண்டும் வேலை பெரும்பாலும் மிச்சம், பேட்டரி காலையில் முழுச் சார்ஜில் இருக்கும். தினமும் குறுந்தூரம் ஓடும் வண்டிக்கு அந்தச் சார்ஜர் ஒன்றுக்காகவே இதை வாங்கலாம். உள்ளறை ஹீட்டரை மட்டும் இருக்கைக்கு அடியில் துணி படும்படி வைக்கக் கூடாது.

டைமர் இல்லாமல் பாதி வேலைதான்

இரவு ஒன்பதுக்குச் செருகி காலை ஏழுக்கு எடுப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கணக்குப் போட்டால் அதில் எவ்வளவு வீண் என்று தெரியும். 80 கிலோ இரும்பு பிளாக், 6 லிட்டர் கூலன்ட், நாலரை லிட்டர் ஆயில் எல்லாவற்றையும் 30 டிகிரி உயர்த்த அரை யூனிட்டைவிடச் சற்றுக் கூடுதலான வெப்பம் போதும். 400 வாட் ஹீட்டர் இரண்டு மணி நேரத்தில் 0.8 யூனிட் தருகிறது. கசிந்து போவதைக் கழித்தாலும் வேலை கிட்டத்தட்ட முடிந்துவிடும். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு ஹீட்டர் தரும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமமாகிவிடும். பத்து மணி நேரத்துக்கு 4 யூனிட் செலவு செய்தாலும் இன்ஜின் அதற்கு மேல் சூடாகாது, மீட்டர் ஓடுவதுதான் மிச்சம்.

நடைமுறையில் பூஜ்யத்தை ஒட்டிய குளிருக்கு அரை மணி, மைனஸ் 5 முதல் 10 வரை ஒரு மணி, மைனஸ் 20 வரை இரண்டு மணி, அதற்குக் கீழே மூன்று மணி நேரம். டைமர் வெளியில் வைக்கத் தகுந்ததாகவும், ஹீட்டர் இழுக்கும் கரண்டைத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். வீட்டுக்குள் விளக்குக்குப் போடும் டைமரை பாலிதீன் சுற்றி வெளியே தொங்கவிடுவது தீக்கு அழைப்பு.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஹீட்டர் அல்ல, கேபிள்

சாலையில் தெளிக்கும் உப்பு, அதிர்வு, சைலன்சர் சூடு மூன்றும் சேர்ந்து கேபிளைத்தான் முதலில் தின்னும். ஹீட்டரில் கேபிள் செருகும் முனை துருப்பிடித்தால் அந்த இடத்தில் மின்தடை கூடி, பிளாஸ்டிக் உருகி, சில நேரம் கேபிள் அதோடு ஒட்டிக்கொள்ளும். மாட்டும்போதே முனையில் சிலிக்கோன் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவிவிட்டால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். வெளி பிளக்கின் மூடி உடைந்திருந்தால் மாற்றுங்கள். ஈரம் புகுந்த பிளக்தான் மின்கசிவு பாதுகாப்பு ஸ்விட்ச் திரும்பத் திரும்ப விழுவதற்குக் காரணம். அந்த ஸ்விட்சைத் தாண்டி இணைப்பு கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈரத்தில் நின்றுகொண்டு நீங்கள் தொடப்போகும் இரும்பு அது.

ஹீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். இரண்டு பின்களுக்கு இடையே 120 வோல்ட், 400 வாட் ஹீட்டர் என்றால் 36 ஓம் காட்டும். 230 வோல்ட்டுக்கானது 132 ஓம். எதுவுமே காட்டவில்லை என்றால் எலிமென்ட்டோ கேபிளோ அறுந்திருக்கிறது. கேபிளைக் கழற்றி ஹீட்டர் முனையிலேயே அளந்தால் எது என்று தெரிந்துவிடும். எர்த் பின்னுக்கும் மற்ற பின்னுக்கும் இடையே ஏதாவது ஓம் காட்டினால் ஹீட்டரைக் கழற்றிப் போட்டுவிடுங்கள்.

ஒரு குழப்பம் இங்கே அடிக்கடி வரும். சில தயாரிப்பாளர்கள் கேபிளுக்குள்ளேயே குளிரைப் பார்த்து இயங்கும் ஒரு ஸ்விட்சை (இதற்கும் தெர்மோஸ்டாட் என்றே பெயர்) வைத்திருக்கிறார்கள். வெளிக்குளிர் மைனஸ் 18ஐ ஒட்டி இறங்கினால்தான் அது மின்சாரத்தை விடும். மைனஸ் 5இல் அளந்துவிட்டு ஹீட்டர் செத்துவிட்டது என்று முடிவு செய்து புதிது வாங்கியவர்கள் உண்டு.

நீட்டிப்பு கேபிள் வெளியில் போடும் ரகமாக, குளிரில் விறைக்காத ரப்பர் உறையோடு இருக்க வேண்டும். 400 வாட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போதும்; 1500 வாட்டுக்கு 2.5 வேண்டும். சுருளிலிருந்து முழுக்க அவிழ்த்துப் போடுங்கள். சுருண்டபடியே இருந்தால் உள்சுற்றுகள் சூடேறி உருகும். கேபிளை எக்ஸாஸ்ட், பெல்ட், ஃபேன் மூன்றிலிருந்தும் தள்ளிக் கட்டி, பிளக் முனை ஓட்டுநர் கதவுப் பக்கம் கண்ணில் படும்படி வையுங்கள். மறந்து ஓட்டிக்கொண்டு போவதைத் தடுக்க இதைவிட நல்ல வழி இல்லை.

எரிபொருளில் ஓடும் ஹீட்டர்

ஜெர்மனியின் வெபாஸ்டோ, ஈபர்ஸ்பேச்சர் இரண்டும் இந்தத் துறையில் பெரிய பெயர்கள். கார்களுக்கான மாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 5 கிலோவாட். பிளாக் ஹீட்டரைவிடப் பத்து மடங்குக்கு மேல். வண்டியின் டேங்கிலிருந்தே சிறு பம்ப் சொட்டுச் சொட்டாக எரிபொருள் எடுக்கும். தனி பர்னர் அதை எரித்துக் கூலன்டைச் சூடாக்கும். சூடு ஏறியதும் வண்டியின் ப்ளோயர் தானாக ஓடி கண்ணாடிப் பனியையும் உருக்கும். இருபது முப்பது நிமிடத்தில் வேலை முடியும். முழுச் சுமையில் மணிக்கு அரை லிட்டரைச் சற்றுத் தாண்டும், அதாவது ஒரு காலைக்கு 200 மில்லிலிட்டர் அளவு. பிளக் பாயின்ட் இல்லாத இடத்தில் இதற்கு நிகரில்லை.

குறைகளும் அதே அளவுக்குப் பெரியவை. பர்னரின் விசிறி, தண்ணீர் பம்ப், வண்டியின் ப்ளோயர் எல்லாம் பேட்டரியில்தான் ஓடுகின்றன. ஹீட்டர் எத்தனை நிமிடம் ஓடியதோ அத்தனை நிமிடமாவது வண்டி அதன்பின் ஓட வேண்டும், இல்லையென்றால் சார்ஜ் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கடனில் விழும். வோல்ட்டேஜ் குறைந்தாலோ டேங்க் ரிசர்வில் இருந்தாலோ ஹீட்டர் ஸ்டார்ட் ஆக மறுக்கும். கோளாறு என்று ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பல வண்டிகளின் நிஜக் காரணம் இதுதான். ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்துவிடும் பழக்கம் பர்னரில் கரி படிய வைக்கும். அதன்பின் வெள்ளைப் புகை, சில முறை தோற்றபின் தானே பூட்டிக்கொள்ளும் கட்டுப்பாட்டுப் பெட்டி, அதைத் திறக்கக் கண்டறியும் கருவி என்று செலவு நீளும். வெயில் காலத்திலும் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிட்டால் பம்ப்பும் எரிபொருள் குழாயும் அடையாமல் இருக்கும்.

இதற்குத் தனி எக்ஸாஸ்ட் குழாய் உண்டு. மூடிய ஷெட்டுக்குள் இதை இயக்கவே கூடாது. டைமரில் ஓடும் கருவி என்பதால், ஷெட்டில் விடும் நாளில் டைமரை அணைத்தோமா என்று பார்த்தே ஆக வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

பொருத்துவதைப் பழக்கப்பட்ட கையிடம்தான் கொடுக்க வேண்டும். பம்ப்பின் சாய்வு, குழாயின் உள்விட்டம், கூலன்ட் ஓடும் திசை மூன்றில் ஒன்று தவறினாலும் கருவி இருக்கும், சூடு இருக்காது.

மற்றவை

சம்ப்பின் அடியில் ஒட்டும் சிலிக்கோன் பேட், 100 முதல் 250 வாட். ஆயிலை நேரடியாகச் சூடாக்குவதால் பேரிங்குகளுக்கு ஆயில் உடனே போய்ச் சேர்கிறது. பிளாக் ஹீட்டர் ஆயிலை அவ்வளவாகத் தொடுவதில்லை என்பதால் மைனஸ் 30க்குக் கீழே இரண்டையும் சேர்த்து வைப்பது நியாயமான செலவு. ஒட்டுவதற்கு முன் பெயின்ட்டைச் சுரண்டி, பிரேக் கிளீனரால் துடைத்து, உலோகம் வெதுவெதுப்பாக இருக்கும்போது குமிழ் இல்லாமல் அழுத்தி ஒட்டி, ஓரம் முழுக்க ஆர்.டி.வி. சிலிக்கோன் பூசி ஒரு நாள் விட வேண்டும். ஓரம் பிரிந்தால் உள்ளே தண்ணீர் போய் அந்த இடம் கருகும். பிளாஸ்டிக் சம்ப் உள்ள வண்டிக்கு இது கூடவே கூடாது. ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்ய முடியாது, அலுமினியத்திலும் அது ஒட்டாது. தட்டிப் பார்த்தால் சத்தம் சொல்லிவிடும்.

காந்த ஹீட்டர் தற்காலிக உதவி மட்டுமே. அலுமினியச் சம்ப்பில் நிற்காது, இரும்பிலும் எடுக்க மறந்து ஓட்டினால் சாலையில் விழும். டிப்ஸ்டிக் துளையில் செருகும் குச்சி ஹீட்டரை வாங்க வேண்டாம். நூறு வாட்டுக்கும் குறைவான சூட்டைப் பென்சில் அளவு பரப்பில் திணித்து, அதைச் சுற்றிய ஆயிலைக் கருக்குகிறது. மற்ற ஆயில் அப்படியே குளிர்ந்து கிடக்கும். கீழ் ரேடியேட்டர் குழாயில் வெட்டி மாட்டும் வகையும் சுமார்தான். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது அந்தச் சூடு பிளாக்குக்குள் சுற்றாமல் குழாயிலேயே தேங்குகிறது.

1000 முதல் 1500 வாட் வரையுள்ள சுழற்சி ஹீட்டர் பெரிய டீசல்களுக்கானது. பம்ப் இல்லாத மாடல் சூடான கூலன்ட் தானாக மேலெழும் இயல்பில்தான் ஓடுகிறது. ஆகவே அதை இன்ஜினின் தாழ்ந்த இடத்துக்கும் கீழே பொருத்தி, வெளிவரும் குழாயை வழியில் எங்கும் தாழாமல் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நடுவில் ஒரு வளைவு தொங்கினால் காற்று நிற்கும், ஓட்டம் நிற்கும், எலிமென்ட் எரியும்.

பேட்டரியைச் சுற்றும் கம்பளி ஹீட்டர் 50 முதல் 80 வாட். பேட்டரிக்கு நான்கைந்து வயதாகியிருந்தால் இந்தப் பணத்தைப் புதுப் பேட்டரியில் போடுங்கள்.

ஸ்டார்ட் செய்த பின்

ஹீட்டரை எடுத்துவிட்டு, விளக்கு, ப்ளோயர், பின்கண்ணாடி சூடேற்றி எல்லாம் அணைத்து, கைகியர் வண்டியானால் கிளட்ச்சை முழுக்க மிதித்து ஸ்டார்ட் செய்யுங்கள். டீசலில் க்ளோ பிளக் விளக்கு அணையும்வரை காத்திருங்கள். பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரைப் பிடிக்க வேண்டாம். அரை நிமிடமாவது விட்டு அடுத்த முயற்சி. பெட்ரோல் நாற்றம் வந்தால் பல இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு சுழற்றினால் கணினி பெட்ரோலை நிறுத்தி, வெறும் காற்றால் சிலிண்டரை உலர்த்தும்.

கண்ணாடி சுத்தமானதும் கிளம்பலாம். கூலன்ட் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் இன்னும் ஐந்து பத்து நிமிடம் பின்தங்கித்தான் இருக்கும். அதுவரை 2500 சுற்றைத் தாண்ட வேண்டாம், டர்போ வண்டியென்றால் இன்னும் நிதானம். முள் நடுவுக்கே வராமல், நெடுஞ்சாலையில் ஓடும்போது இன்னும் இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது. வண்டியின் கணினியில் பி0128 என்ற கோளாறு கோடும் வரக்கூடும். எந்த ஹீட்டரை மாட்டினாலும் அந்த இன்ஜின் சூடாகாது, முதலில் அதை மாற்றுங்கள்.

வாங்கக் கிளம்புவதற்கு முன் பானட்டைத் திறந்து ஒருமுறை பாருங்கள். குளிர்ப் பகுதிகளில் விற்பனையான பல வண்டிகளில் ஹீட்டரைத் தயாரிப்பாளரே மாட்டி அனுப்பியிருப்பார்; கேபிளைச் சுருட்டி கிரில்லுக்குப் பின்னாலோ பேட்டரிக்குப் பக்கத்திலோ கட்டி வைத்திருப்பார்கள். சிலவற்றில் எலிமென்ட் பிளாக்கில் இருக்கும், கேபிள் மட்டும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். ஓம் அளந்து சரியாக வந்தால், தேவை அந்தக் கேபிளும் டைமரும்தான்.